பை முன்னால் போகிறது

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, எங்கள் முதியோர் இல்லத்துக்கு ஒரு பெண் வந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். சண்டையையும் குண்டுவீச்சையும் பார்த்துவிட்டு வந்த பெரியவர்களை எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதுதான் பாடம். இதற்கென்று இப்போது ஒரு படிப்பே வந்துவிட்டதாம். சுவரில் படம் போட்டுக் காட்டிப் பேசினாள். நான் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடம் கேட்க அல்ல, குறை கண்டுபிடிக்க. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி சொல்வாள். அதில் பொய் இல்லை.

குறை ஒன்றும் அகப்படவில்லை. நன்றாகவே சொன்னாள் அந்தப் பெண். கடைசியில் என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க இத்தனை வருஷம் இதே வேலை பார்த்திருக்கீங்க, ஏதாவது சொல்லுங்க" என்றாள். எழுந்து நின்று, கந்தையா ஐயாவின் பை என்று ஆரம்பித்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது. டீயும் பஜ்ஜியும் வந்த பிறகு யார் யார் பேச்சைக் கேட்பார்கள்? எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பெண் மட்டும், "அப்ப எழுதிக் குடுத்துடுங்கண்ணா" என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஏழுமலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் கொருக்குப்பேட்டை, தண்டவாளத்தை ஒட்டிய வீடு. கூட்ஸ் வண்டி போகும்போது சுவர் ஆடினாலும் தூங்குகிற குடும்பம் எங்களுடையது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வார்டுபாயாக இருந்தபோது ஆளைப் புரட்டுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, படுத்த நிலையிலேயே தலை அலசுவது எல்லாம் கை பழகிவிட்டது. அந்த தைரியத்தில்தான் திருவொற்றியூரில் ஒரு சந்துக்குள் இருந்த இந்த இல்லத்தில் ஆண்கள் பகுதிக்கு வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே தாடையில் ஒரு குத்து வாங்கினேன்.

குத்தியவர் ஹவில்தார் தாத்தா. எல்லையில் சண்டை பார்த்த பட்டாளத்துக்காரர். காலையில் காப்பி கொடுக்க அவர் தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே விட்டார் ஒன்று. காப்பி சுவரில், நான் தரையில். அடி கொடுத்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து, என்னைவிட அதிகமாக நடுங்கினார்.

"ஏல, ஆரு ஒன்னத் தோளத் தொடச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஜெபமணி சிஸ்டர். எங்கள் தலைமை நர்ஸ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த ஊர்ப் பேச்சை ஒரு சொல்கூட மாற்றிக்கொள்ளாதவர். "கால்மாட்டுல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடணும். தாத்தான்னு கூப்பிட்டா அவரு எந்திரிக்க மாட்டாரு. ஹவில்தார் சாப்னு கூப்பிடு. முழிச்சு ஒன்னப் பாத்த பொறவுதான் கிட்டக்க போவணும், வெளங்குதா?"

அடுத்த நாள் அப்படியே செய்தேன். "ஹவில்தார் சாப், நான் ஏழுமலை. காப்பி கொண்டாந்துகீறேன்." அவர் கண்ணைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "சட்டையில பட்டன் போடு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை அடித்ததே இல்லை. பட்டனுக்குத்தான் தினமும் திட்டு.

சிஸ்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதட்டல் எல்லாம் அந்தத் தாழ்ந்த குரலிலேயே இருக்கும். இடுப்புச் சாவிக்கொத்தைத் துணியில் சுற்றித்தான் செருகிக்கொள்வார், கிலுகிலு சத்தம் யாரையும் திடுக்கிட வைக்கக்கூடாது என்று. இரும்பு வாளிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் வாளி வாங்கினார். யாராவது பயந்து கத்தினால், "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்று சொல்ல விடமாட்டார். "அவங்களுக்கு இருக்கத்தான செய்யுது, நீ எப்பிடி ஒண்ணுமில்லன்னு சொல்லுத?" என்பார். அதற்குப் பதிலாக இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். இது திருவொற்றியூர். இப்போது காலை நேரம். சத்தம் போட்டது கன்டெய்னர் லாரி. நான் ஏழுமலை, உங்கள் வலது பக்கம் நிற்கிறேன். அவ்வளவுதான். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் அதையே சொல்ல வேண்டும். பொறுமை என்ற சாமான் என்னிடம் கொஞ்சமும் கிடையாது. அதை அவர்தான் எனக்கு மாசச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தார் என்று சொல்வேன்.

பெண்கள் பகுதியில் ஒரு பர்மா ஆயா இருந்தார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சண்டைக்குப் பயந்து காடு மலையெல்லாம் நடந்தே வந்த குடும்பம். சப்பாத்தி போட்டால் பாதியைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவிடுவார். எறும்பு வந்து மொய்க்கும். சுத்தம் செய்கிற பெண் அதைப் பிடுங்கி எறிந்தால் ஆயா ஒரு நாள் முழுக்க வாயில் தண்ணீர்கூட வைக்க மாட்டார். சிஸ்டர் ஒரு மூடி போட்ட டப்பா வாங்கி, அதில் பிஸ்கெட் நிரப்பி, "இது ஒங்க டப்பா. ஆரும் தொட மாட்டாவ" என்று தலைமாட்டில் வைத்தார். தினமும் ஆயா கண் முன்னாலேயே பழையதை எடுத்துப் புதியதை வைப்போம். சாகும்வரை அந்த டப்பா காலியாக இருந்ததே இல்லை. போகிற வருகிற எங்களுக்கெல்லாம் அதிலிருந்து ஆளுக்கொன்று கொடுப்பார். வாங்காவிட்டால் கோபம் வந்துவிடும். அதனால் நாங்கள் பாவம் போல வாங்கித் தின்போம்.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் மேளம், ஆட்டம், பட்டாசு எல்லாம் உண்டு என்பது தெரிந்ததுதானே. அது எங்கள் சந்து வழியாகத்தான் போகும். சிஸ்டர் சண்டைக்குப் போகவில்லை. சந்து முனையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் போய், "நீங்க அடிங்கப்பா, வேண்டாங்கல. முன்னக்கூட்டியே ஒரு வார்த்த சொல்லிருங்க, வெடிய மட்டும் முக்குத் திரும்பின பொறவு போடுங்க" என்றார். அன்றிலிருந்து தெருவில் யார் செத்தாலும் முதல் தகவல் எங்களுக்குத்தான். சொந்தக்காரனுக்கே போன் போட்டிருக்க மாட்டான், கேட்டுக்கு வெளியே நின்று, "சிஸ்டர், எங்க நைனா பூட்டாரு. மத்தியானம் எடுக்குறோம்" என்பான். நாங்கள் ஜன்னலைச் சாத்தி, பெரியவர்களைப் பின்கூடத்தில் உட்கார வைத்து, கேரம் போர்டை எடுத்து வைப்போம்.

இப்படி எல்லாம் கை வந்துவிட்டது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலத்தில்தான் கந்தையா ஐயா வந்து சேர்ந்தார்.

முல்லைத்தீவுப் பக்கம் பேக்கரி வைத்திருந்தவர். அங்கே கடைசிச் சண்டை முடிந்த பிறகு மகள் மதியோடு இங்கே வந்துவிட்டார். மருமகனுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை வேலை. குடியிருந்ததும் அதற்குப் பக்கத்திலேயே ஒரே அறை வீட்டில். லாரியிலிருந்து இரும்புத் தகடுகளைத் தள்ளும்போது எழும் சத்தம் எங்களுக்கே குலையை நடுங்க வைக்கும். அவர் ஒவ்வொரு முறையும் பேத்தியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாராம். பேத்தி வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் எங்கே எங்கே என்று தெருவில் தேடுவாராம். வேறு வழியில்லாமல்தான் மதி அவரை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவரிடம் ஒரு கருநீலப் பை இருந்தது. ஜிப் போய்விட்டதால் நைலான் கயிறு கட்டியிருப்பார். உள்ளே சாரம் என்று அவர் சொல்லும் ஒரு லுங்கி, ஒரு போர்வை, தீப்பெட்டி, சர்க்கரைப் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, தண்ணீர் காய்ச்ச ஒரு சின்னக் கேத்தில். எந்த நேரமும் கிளம்பத் தயாராக. அது அவர் கையை விட்டு இறங்காது. சாப்பிடும்போது மடியில், குளிக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில். துணியை அலமாரியில் வையுங்கள் என்றால் கேட்க மாட்டார்.

மற்றபடி தங்கமான மனுஷன். என்னை "தம்பி, நீர்" என்றுதான் அழைப்பார். எங்கள் பேட்டையில் யாரும் என்னை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டது கிடையாது. ரொட்டியைப் பாண் என்பது அவர் ஊர் வழக்கம். எங்கள் கேன்டீன் பன்னைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து, "இதையும் பாண் எண்டு விக்கிறாங்களே தம்பி, இவங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையோ" என்பார்.

ஆனால் பையைத் தொட்டால் போச்சு. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் கையில் பையைப் பார்த்தால் வாங்கிக்கொள்வது மரியாதை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர், நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், யார் எவர் என்றே தெரியாது. கை தானாக நீண்டுவிடும். அதனால் எங்கள் இல்லத்தில் நல்ல மனசு உள்ளவன் எல்லோரும் அவரிடம் அடி வாங்கினான். வாட்ச்மேன் கன்னத்தில் வாங்கினார். சமையல்காரர் தலையில் கேத்திலாலேயே வாங்கினார். என் முன்கையைக் கடித்துவிட்டார். பல்செட்டைக் கழற்றி வைத்திருந்த நேரம், பிழைத்தேன்.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் குறைந்துபோயிருக்காது. ஆனால் அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றில் புரை முற்றிவிட்டது. ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னும் தள்ளிப் போட்டா உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் பார்வை வராது" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்க வரும் பேத்தி யாழினியின் முகத்தைக் கையால் தடவித்தான் அவர் தெரிந்துகொள்வார். "கொழுப்பு வைச்சிருக்கிறாய் பிள்ளை" என்று கன்னத்தைக் கிள்ளுவார். அவள் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஆபரேஷனுக்கு அவரே ஒத்துக்கொண்டார். "எனக்கு அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாக்க வேணும் தம்பி. வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். பையை வெளியே வைக்க வேண்டும் என்பதற்கும் தலையாட்டினார். ஆட்டோவில் அழைத்துப் போனேன். பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். தியேட்டர் வாசல்வரை எல்லாம் சரியாகவே நடந்தது. அங்கே அட்டெண்டர் பாஸ்கர், காசிமேட்டுப் பையன், வெள்ளை மனசு, அவர் கையிலிருந்த பையைப் பிடித்து, "நீ முன்னால போ பெர்சு, பைய நான் எட்த்துக்கினு வர்றேன்" என்றான்.

அவ்வளவுதான். ஐயா போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. பாஸ்கர் மூக்கிலிருந்து ரத்தம். பையைப் பிடுங்கிக்கொண்டு, பச்சை அங்கியோடு, பாதிக் குருடான மனுஷன் ரோட்டில் இறங்கி ஓடினார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு லாரிச் சக்கரத்தோடு ஒட்டிக் குந்தியிருந்தவரைக் கண்டுபிடித்து, எதிரே போய், நானும் தரையில் உட்கார்ந்து, "ஐயா, இது ராயபுரம். நான் ஏழுமலை. பை உங்க கையில கீது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர் நல்லவர், வரிசை நகர்ந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களை அவரே இறங்கிப் போய்க் கெட்ட வார்த்தையில் அடக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சவரம் செய்தேன். முகத்தில் சோப்பு நுரையோடு ஆண்கள் மனம் விட்டுப் பேசுவார்கள் என்பது இந்த வேலையில் நான் கண்டது. கத்தி கன்னத்தில் இருக்கும்போது எதிராளி குறுக்கே பேச மாட்டான் என்பதாலோ என்னவோ.

"அந்தப் பிள்ளையை அடிச்சுப்போட்டன் என்ன?" என்று கேட்டார்.

"அத்த வுடுங்க ஐயா. அவன் மறந்துகூட பூட்டான்."

"அந்தப் பிள்ளை சொன்னது தம்பி..." மடியிலிருந்த பையின் கயிற்றைத் தடவிப் பார்த்தார். "அவவும் அப்பிடித்தான் சொன்னவ. என்ர மனுசி, மதியின்ர தாய். செல் விழுந்து வெடிக்குது, எல்லாரும் ஓடுறம். பாதி வழியில பாத்தா பையைக் காணேல்ல. நாங்கள் இருந்த கொட்டிலுக்க விட்டிட்டு வந்திட்டம். பேத்திக்கு மருந்து அதுக்குள்ள. 'நீங்கள் முன்னால போங்கோ, நான் பையை எடுத்துக்கொண்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி ஓடினவ. நான் போனன் தம்பி. சொன்ன மாதிரியே நான் முன்னால போனன்."

அந்தப் பையும் வரவில்லை, அந்த அம்மாவும் வரவில்லை. இப்போது வைத்திருக்கும் பை இங்கே வந்த பிறகு வாங்கியதுதான். அதே சாமான்களை வாங்கிப் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

"பை என்ர கையில இருந்தா, ஒருத்தரும் அதை எடுக்கத் திரும்பிப் போகத் தேவையில்லைத்தானே" என்றார்.

கத்தியைக் கிண்ணத்தில் போட்டேன். பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுக் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்கள் ஊர் மரியாதையையே அவர் காதில் எமன் வார்த்தையாகப் போட்டுக்கொண்டிருந்தோமே என்று மனசு ஆறவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதிக் கன்னத்தையும் வழித்துவிட்டேன்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ஏல ஏழுமலை, அன்னைக்கு ஆட்டோல ஏறும்போது பை ஆரு கையில இருந்துச்சு?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். பெருத்த பை என்பதால், ஏறுகிற அவசரத்தில் கை தானாக நீண்டு, நான்தான் வாங்கி முதலில் சீட்டில் வைத்தேன். அதற்குப் பின்னால் அவர் ஏறினார்.

"அப்ப அடிச்சாரா?"

"இல்ல சிஸ்டர். கம்முனு ஏறிக் குந்திக்கினாரு."

"அதான பாத்தேன். பை அவருக்குப் பின்னால போனாத்தாம்ல அவருக்குத் தாங்கல. முன்னால போச்சுன்னா ஆரும் அதுக்காவத் திரும்பிப் போவ வேண்டாம்லா?"

மறுநாளே ஆரம்பித்தோம். முதலில் ஐயாவிடமே சொல்லிவிட்டோம், ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அவர் கண்ணுக்கு நிழலாகவாவது தெரியும் தூரத்தில் நான் பையோடு நடப்பேன். "ஐயா, பை முன்னால போகுது. நீங்க பின்னால வாங்க" என்பேன். கட்டிலிலிருந்து குளியலறை வாசல்வரை. குளிக்கும்போது பை கதவுக்கு அந்தப் பக்கம், அவர் வெளியே வந்து கால் வைக்கப்போகும் இடத்தில் இருக்கும். வழியெல்லாம் என் குரல் வந்துகொண்டே இருக்க வேண்டும்; குரல் நின்றால் அவர் கால் நின்றுவிடும். பேச விஷயம் தீர்ந்துபோனால் விலைவாசியைத் திட்டுவேன். அதற்குத் தீர்வே கிடையாதே. அடுத்து சாப்பாட்டுக் கூடம். பையை முதலில் அவர் நாற்காலியில் வைத்துவிட்டு, "பை போய்ச் சேந்தாச்சு ஐயா" என்று குரல் கொடுப்பேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். பிறகு வாசல், பிறகு சந்து முனை, பிறகு கோயில் குளம்வரை.

மற்றவர்களைப் பழக்குவதுதான் பெரும் பேஜாராக இருந்தது. "எட்த்துக்கினு வர்றேன்" என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக்கூடாது என்று சிஸ்டர் உத்தரவு போட்டார். நீண்ட கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு வாட்ச்மேன் திருதிருவென்று விழிப்பார். ஹவில்தார் தாத்தாதான் கைகொடுத்தார். நான் பையோடு கூடத்துக்குள் நுழைந்தால் எழுந்து நின்று, "பை வருது! வழி விடு!" என்று கத்துவார். யாருக்கும் கிடைக்காத மரியாதை அந்தப் பைக்குக் கிடைத்தது.

திரும்ப ஆபரேஷனுக்குப் போன நாளன்று ஆட்டோவில் முதலில் பைதான் ஏறியது. இந்த முறை தவறினால் அடுத்த முறை கிடையாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சிஸ்டர் முன்னாலேயே அவரிடம் போய்ப் பேசிவிட்டார். அந்த அம்மாவும் பெரிய மனசுக்காரர். தியேட்டருக்குள் போகும் வாசல் ஒன்று, வெளியே வரும் வாசல் ஒன்று. வெளியே வரும் பக்கத்துக் கதவில் கண்ணாடி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் ஆபரேஷன் முடிந்தவர்கள் படுக்கும் அறை. பையை வெளி வழியாகக் கொண்டுபோய் அங்கே கட்டிலில் வைக்கலாம் என்று அனுமதித்தார்.

யார் கொண்டுபோவது என்றபோது பாஸ்கர் முன்னால் வந்தான். மூக்கைத் தடவிக்கொண்டே, "மாமு, இன்னொரு தபா அடிப்பாரா?" என்று என் காதில் கேட்டான்.

"நீ ஒயுங்கா சொன்னா அடிக்க மாட்டாரு. இன்னா சொல்லணும், சொல்லு?"

"பை முன்னால போகுது, நீ பின்னால வா."

"நீங்க பின்னால வாங்கடா!"

"சரி மாமு, வாங்க."

பையைச் சுத்தமான பச்சைத் துணியில் சுற்றினோம். பாஸ்கர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஐயாவின் எதிரே வந்து நின்றான். "ஐயா, நான் பாஸ்கரு. அன்னிக்கி அடி வாங்குனவன்" என்றான். ஐயா கையை நீட்டினார். அடிக்கப்போகிறார் என்று பாஸ்கர் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவர் அவன் மூக்கைத் தேடித் தடவினார். "நோகுதோ தம்பி?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல, பெர்சு" என்றான் அவன், பழகிய பாடத்தை எல்லாம் மறந்துவிட்டு. உடனே நினைவு வந்து, "பை முன்னால போகுதுங்க ஐயா. நீங்க பின்னால வாங்க" என்று கத்திக்கொண்டே நடக்க ஆரம்பித்தான்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மதி. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையை வைத்துவிட்டுத் தியேட்டருக்குள் ஐயா பக்கத்திலேயே நின்ற பாஸ்கர்தான் உள்ளே நடந்ததைப் பிறகு சொன்னான். மேஜையில் படுக்க வைப்பதற்கு முன்னால் கண்ணாடிக் கதவுப் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். பச்சையாக ஒரு நிழல் கட்டில்மேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டாராம். முகத்தை மூடித் துணி போட்டு வேலை நடந்துகொண்டிருக்கும்போது, மூலையில் ஒரு ஸ்டீல் தட்டு கீழே விழுந்துவிட்டது.  டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார். மேஜையில் கிடந்தவர் அசையவில்லை. துணிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்ததாம்.

"தம்பி, பை போய்ச் சேந்திட்டுதோ?"

"சேந்துட்சு ஐயா! கட்டில் மேல ஜம்முனு குந்திக்கினு கீது!"

"அப்ப சரி. டொக்டர், நீங்கள் செய்யுங்கோ."

அடுத்த நாள் கண் கட்டைப் பிரித்தார்கள். யாழினி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து எதிரே நின்றாள். ஐயா அவளையே பார்த்தார். கையை நீட்டி வழக்கம்போல முகத்தைத் தடவப் போனவர், தேவையில்லை என்று நினைவு வந்து, கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். "உன்ர அம்மம்மாவின்ர சிரிப்பு" என்றார். "அப்பிடியே எடுத்து வைச்ச மாதிரி." அந்தப் பிள்ளை ஓடிப்போய் அவர் மடியில் விழுந்தாள். பை கீழே உருண்டது. அதை ஒருவரும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். "இது ஆர், எங்கட ஏழுமலையே? மீசையெல்லாம் நரைச்சுக் கிடக்கு. குரலைக் கேட்டு நான் உம்மை ஒரு இளந்தாரி எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

அந்த மீசைதான் போன வாரம் ஓய்வு பெற்றது. கூடத்தில் நாற்காலி போட்டு, மாலை, ஸ்வீட், காரம் எல்லாம் வைத்தார்கள். ஹவில்தார் தாத்தா நான் சட்டைப் பட்டன் எல்லாம் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு சல்யூட் அடித்தார். சிஸ்டர், "போய்ட்டு வால" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கொடுக்கிற நேரம் என்று எழுந்து போனார். அது மாத்திரை கொடுக்கிற நேரமில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

கொடுத்த வேட்டி, சால்வை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பெரிய துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்தவனுக்கு அதற்குமேல் கால் எழவில்லை. நாளைக் காலையில் கால்மாட்டில் நின்று யார் பெயரை நான் கூப்பிடுவேன்? கேட்டுக்கு உள்ளேயே பையும் கையுமாக, கண்ணில் தண்ணீரோடு நின்றேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கந்தையா ஐயா வந்துகொண்டிருந்தார். சுத்தமாக வெளுத்த சாரம், சட்டை, மூக்கில் புதுக் கண்ணாடி. இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. என்ன குறைகிறது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஐயா, உங்க பை எங்க?"

"அது கட்டில்ல கிடக்கு. கிடக்கட்டும். உம்மட பையைத் தாரும்" என்றார். என் கையிலிருந்ததை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சந்தில் இறங்கினார். கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்க்காமலே சத்தமாகச் சொன்னார்.

"ஏழுமலை, பை முன்னால போகுது. நீர் பின்னால வாரும்."

வழியெல்லாம் அரிசி விலையைத் திட்டிக்கொண்டே நடந்தார். பஸ் ஸ்டாண்டுவரை அவர் குரல் நிற்கவே இல்லை.